என் குழம்பில் ஒரு கொலை

என் கொழுந்தன் மனைவி அனிதா மேரிக்குத் துப்பறியும் நாவல் இருந்தால் சோறு தண்ணீர் வேண்டாம். கத்திக்குத்து எழுதுகிறவர்கள் அவளுக்கு இளக்காரம். விஷம் வைத்துக் கொல்கிற எழுத்தாளர்கள்தான் உசத்தி. பாதிப் புத்தகத்திலேயே கொலைகாரனைக் கண்டுபிடித்துவிடுவதாகப் பீற்றிக்கொள்வாள். அன்றைக்கு அவள் கண்டுபிடித்தது என்னை.

கிணற்று மோட்டாரை யார் எப்போது போடுவது என்ற சண்டையில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரு வருடமாகப் பேச்சில்லை. திருவிழாவுக்கு முன்னால் ராசியாகிவிடுங்கள் என்று பங்குச்சாமியார் சொன்னதால், நான்தான் இறங்கிவந்து ஒரு சட்டி அயிரைமீன் குழம்பு கொடுத்தேன். திராட்சைக்குப் பூச்சிமருந்து அடித்துவிட்டு வந்த என் கொழுந்தன் எட்வின், பசியில் குளிக்காமல்கூட உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறான்.

அனிதா போட்ட சத்தத்தில் ஓடினேன். எட்வின் தரையில் கிடந்தான். வாயில் எச்சில் வழிந்தது, உடம்பு வெடவெடத்தது. திராட்சைப் பந்தலுக்குக் கீழே நின்று அண்ணாந்து மருந்து அடித்தால் பாதி நம் தோளில்தான் இறங்கும். அவன் சட்டை நனைந்து நாறியது. பக்கத்து வீட்டு முத்துவீரன் ஜீப்பை எடுக்க ஓடினார். நான் சட்டையில் கை வைத்தேன்.

அனிதா தட்டிவிட்டாள். "தொடாதீக. போலீஸ் வர்ற வரைக்கும் எதையும் தொடக்கூடாது. சட்டையில வாந்தி இருக்கு, அது தடயம்."

"கூறுகெட்டவளே, மருந்து தோல் வழியா எறங்குது. அவுக்க விடு."

"வெசம் குழம்புல இருந்துச்சு. ஒரு வருசமா பேசாதவுக இன்னைக்கு எதுக்குக் குழம்பு குடுத்தீக?"

அழுவதா, அவளை அறைவதா என்று தெரியவில்லை. அவளோ அவன் சட்டையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். நான் அடுப்படிக்குப் போய், அவள் பத்திரமாக மூடிவைத்திருந்த சட்டியை எடுத்துவந்து, மிச்சக் குழம்பை அவள் கண்முன்னே குடித்தேன். தொண்டையில் இறங்கும்போது எனக்கே ஒரு நொடி பயமாக இருந்தது. அவள் சொன்ன தோரணை அப்படி.

எட்வினின் மூச்சு நின்று, பிறகு இழுத்தது. அனிதா கையை எடுத்தாள். குழம்பைக் குடித்ததும் நம்பிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். சட்டையைக் கிழித்து எறிந்து, சோப்புப் போட்டுக் குடம் குடமாக ஊற்றி, ஜீப்பில் கம்பம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

பூச்சிமருந்துதான், தோல் வழியாக இறங்கியிருக்கிறது என்றார் டாக்டர். அந்தச் சட்டையோடு இன்னும் கொஞ்ச நேரம் கிடந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டான் என்றும் சொன்னார். சாயங்காலம் எட்வின் கண் திறந்த பிறகுதான் அனிதா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நீங்க குடிச்சப்பவும் நான் நம்பலக்கா. மாத்து மருந்தை முன்னாடியே முழுங்கிட்டு வந்திருப்பீகன்னுதான் நெனச்சேன்."

"பெறகு எதுக்குடி கையை எடுத்த?"

"அவுக மூச்சு நின்னு நின்னு வந்துச்சு. வெசம் வச்சது யாரா இருந்தா என்ன, அவுக பொழைச்சாப் போதும்னு விட்டுட்டேன்."

கன்னத்தில் ஒன்று வைக்கத்தான் தோன்றியது. ஆனால் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நடுங்கினாள். நானும் பிடித்துக்கொண்டேன்.