தடித்த எண்ணெய்

நீர்த்தது எதைக் காட்டினாலும் கலப்படம் என்று சொல்பவள் என் மனைவி பாலம்மா. பால்காரன் தொடங்கி எல்லோரும் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தான். முப்பத்திரண்டாம் ஆண்டு மார்கழியில் நான் காய்ச்சலில் கிடந்தபோது, நான் தோட்டவேலை பார்த்த வெள்ளைக்காரத் துரையின் புல்வெட்டும் இயந்திரத்துக்கு எண்ணெய் வாங்கக் கண்டிக்குப் போனவளும் அவள்தான்.

கடைக்காரர் பளீல் நானா வழக்கமாகத் தரும் மெல்லிய எண்ணெயை எடுத்து வைத்திருக்கிறார். இவள் விரலில் தொட்டுப் பார்த்துவிட்டு, "என்னாங்க மொதலாளி, தண்ணி கலந்துட்டீங்களா?" என்று கேட்டிருக்கிறாள். கடை நிறைய ஆட்கள். அவர் எவ்வளவோ சொல்லியும் கேளாமல், லொறிக்கு ஊற்றும் தடித்த எண்ணெயை வாங்கிக்கொண்டு துரையின் பங்களா இருக்கும் அம்பிட்டிய மேடு ஏறி வந்தாள்.

"பாருங்க, தேன் மாதிரி இருக்கு!" என்று பெருமை வேறு. எனக்கும் நல்ல சரக்காகத்தான் பட்டது. காய்ச்சலோடு எழுந்து பழைய எண்ணெயை வடித்துவிட்டு, மாலையிலேயே புதியதை ஊற்றி வைத்தேன்.

மறுநாள் பங்களாவில் டெனிஸ் விருந்து. விடிந்ததும் புல்வெளிக்குப் போய்க் கைப்பிடியைச் சுழற்றினால், அசையவே மாட்டேன் என்கிறது. எனக்கு முன் இருந்தவன் இயந்திரத்தைக் கெடுத்ததற்காக அன்றைக்கே மூட்டை முடிச்சோடு வெளியே போனவன். வேலை போனால் பங்களாவின் பின்னால் நாங்கள் குடியிருக்கும் அறையும் போகும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கே போவது?

"ஒன் தேனை நீயே நக்கு!" என்று கத்தினேன். பாலம்மா வாய்மூடி நின்றதைக் கண்ட பிறகுதான் எனக்கு உண்மையிலேயே பயம் பிடித்தது.

அப்போது பின்வாசல் வழியாக மூச்சு வாங்க வந்தார் பளீல் நானா. கையில் ஒரு டின் மெல்லிய எண்ணெய். விடியற்காலைச் சுபஹு தொழுகை முடிந்த கையோடு கிளம்பியிருக்கிறார்.

"தங்கச்சி, எனக்கு ராவெல்லாம் தூக்கமில்ல. இந்தக் குளிருக்குத் தேங்காயெண்ணெயே கட்டியாப் போகுது. தடிச்ச எண்ணெ எப்பிடி ஓடும்? இஞ்சின் கெடல்ல, எண்ணெதான் இறுகி ஈக்குது. மாத்துவோம்."

அடியிலிருந்த திருகைக் கழற்றினோம். அந்தச் சனியன் கித்துள் பனையின் பாணிபோல வடிந்து முடிவதற்குள் என் உயிர் போய்ப் போய் வந்தது. மெல்லியதை ஊற்றி, முருகனை நினைத்துச் சுழற்றினேன். கைப்பிடி சுற்றியது. அடுத்த சுற்றில் இருமிக்கொண்டு கிளம்பியது இயந்திரம். அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

"மொதலாளி, நேத்து அத்தன பேருக்கு முன்னாடி அப்புடிப் பேசிட்டேன்..." பாலம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அது கெடக்கட்டும். நீங்க தெருவுல நிண்டா எனக்குச் சோறு எறங்குமா?" என்றார் பளீல் நானா.

மாடி ஜன்னல் படாரென்று திறந்தது. தூக்கம் கலைந்த முகத்தோடு துரை எட்டிப் பார்த்தார். "கறுப்பையா! மடையன்! காலையில என்ன சத்தம்?" என்று தொடங்கியவர் நிறுத்தவில்லை.

அவர் திட்டத் திட்ட எனக்குச் சிரிப்பு பொங்கியது. வேலையில் இருக்கிறவனைத்தானே இப்படித் திட்டுவார்கள்! "சலாம் தொரை!" என்று கும்பிட்டுவிட்டுப் புல் வெட்டப் போனேன்.