முந்தக்கூடாத சந்து

மூத்த ஓரகத்தி அன்றும் சந்து முனையில்தான் நின்றுகொண்டிருந்தாள். சலவைக்கூடத்திலிருந்து வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்த இளையவள் அவளைத் தூரத்திலேயே பார்த்துவிட்டாள். பார்த்ததும் வயிறு எரிந்தது. இவள் கிட்டே வரும்வரை காத்திருந்து, இவளைக் கவனிக்காதவள் போலச் சால்வையைச் சரிசெய்துகொண்டு, மூத்தவள் மெதுவாகச் சந்துக்குள் காலை வைத்தாள்.

அவ்வளவுதான். அன்றைய வானமும் போயிற்று.

சந்து என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு பக்கமும் ஆளுயரக் கல்சுவர், நடுவே ஒருவர் நடக்கிற அகலம், முடிவில் மேடு. இலையுதிர் காலம் வந்துவிட்டால் ஊர்ச்சனம் வேலையை முடித்துக்கொண்டு சாயங்காலம் இந்த வழியாகத்தான் மேட்டுக்கு நடக்கும். வருஷம் முழுக்க அழுக்குத் துணியாகக் கிடக்கிற வானம் அந்தச் சில வாரங்களுக்கு மட்டும் அலசி விரித்ததுபோல் இருக்கும். சூரியன் இறங்கும்போது அதில் ஏறுகிற நிறங்களைப் பார்த்துவிட்டு, யாரும் அதிகம் பேசாமல் இறங்கி வருவார்கள். அப்புறம் மூடுபனி வந்துவிடும். வந்தால் மாதக்கணக்கில் வானம் என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும்.

இந்த நடைக்கு ஒரே ஒரு சட்டம். சந்துக்குள் தன்னைவிட வயதில் மூத்தவரை யாரும் முந்தக்கூடாது. யார் போட்ட சட்டம், எதற்குப் போட்டார்கள் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் பெற்ற தாயிடமே பொய் சொல்கிற ஆசாமிகள்கூட இதை மட்டும் மீறியதில்லை. அப்படிப்பட்ட ஊர்.

இளையவளுக்கு இந்த வானம் வேண்டும். வேடிக்கைக்காக இல்லை. சலவைக்கூடத்தில் அவளுக்கு இஸ்திரி அறை வேலை. நிலவறை, ஜன்னல் கிடையாது. காலையில் இருட்டோடு இறங்கினால் நாள் முழுக்க ஆவியும் கஞ்சி வாடையும் ஊரார் வீட்டுப் படுக்கை விரிப்புகளும்தான். மேலே தலையைத் தூக்கினால் குழாய்கள் சொட்டும். வருஷத்தில் இந்தச் சில சாயங்காலங்களில்தான் அவள் கழுத்தை நிமிர்த்தி, கண் போகிற தூரம் வரைக்கும் பார்ப்பாள். அதை ஒருநாள் வாய்தவறி மூத்தவளிடம் சொல்லித் தொலைத்திருந்தாள். எதிரியின் கையில் கத்தியைக் கொடுத்துவிட்டு முதுகையும் காட்டின கதை.

மூத்தவளுக்கு என்ன பகை? பழைய பகைதான். கொழுந்தனுக்குத் தன் தங்கையைக் கட்டிவைக்கத் துணிமணி வரை எடுத்து வைத்திருந்தாள். அவன் இவளைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றுவிட்டான். அன்று சுருங்கிய முகம் இன்றுவரை விரியவில்லை. இத்தனைக்கும் ரொட்டிக்கடையில் கல்லாவில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம் தேனாகப் பேசுகிறவள். இவளைக் கண்டால் மட்டும் அந்தத் தேன் வற்றிவிடும்.

இந்த வருஷம் அவள் கண்டுபிடித்த வழி இந்தச் சந்து. இவள் வரும் நேரம் பார்த்து முன்னால் நுழைவாள். நுழைந்ததும் முழங்கால் வலிக்கும். கடையில் ஏணி வைத்து மேல்தட்டு மாவுமூட்டையை இறக்குகிற அதே முழங்கால். ஒருநாள் செருப்பில் கல் புகுந்தது. ஒருநாள் சுவரில் ஓடிய எறும்பு வரிசையைக் குனிந்து பார்த்து, "எவ்வளவு ஒழுங்கா போகுது பாரேன்" என்றாள். மேட்டுக்கு வந்து சேரும்போது சனம் இறங்கிக்கொண்டிருக்கும். வானத்தில் சாம்பல்தான் மிச்சம் இருக்கும்.

இளையவள் சீக்கிரம் கிளம்பப் பார்த்தாள். மேற்பார்வையாளர் விடவில்லை. சாலை வழியாகச் சுற்றிப் போய்ப் பார்த்தாள். போய்ச் சேர்வதற்குள் இருட்டிவிட்டது. புருஷனிடம் சொன்னாள். அவன் மின்வேலைக்காரன், வீட்டுக்கு வந்ததும் காலை நீட்டிக்கொண்டு, "விடேன், அண்ணி பெரியவங்க" என்றான்.

"யாரு பெரியவங்க?"

அவன் சட்டென்று ஜன்னலைப் பார்த்தான். "மெதுவா பேசு" என்றான்.

விஷயம் அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். இளையவள் என்று பேரே தவிர, வயதில் அவள் புருஷனைவிடவும் மூத்தவள், ஓரகத்தியைவிடவும் மூத்தவள். மகனைவிட மூத்த பெண்ணை மாமியார் வாசலிலேயே நிறுத்தியிருப்பாள். அதனால் அவனே வயதைக் குறைத்துச் சொல்லிவிட்டு, "நீ வாயைத் திறக்காதே, என் மானம் போயிடும்" என்று கெஞ்சினான். மாமியார் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன. பொய் மட்டும் கல்லுக்குண்டாக இருந்தது. தன்னைவிடச் சின்னவளைத் தினமும் "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அவளுக்கு நாக்கே கசந்துபோயிருந்தது.

இப்போதும் அந்த அக்காவின் முதுகுக்குப் பின்னால்தான் நடந்துகொண்டிருந்தாள். நாளையிலிருந்து மூடுபனி என்று ரேடியோவில் காலையிலேயே சொல்லிவிட்டார்கள். கடைசி வானம். சுவர்களுக்கு நடுவே தெரிந்த துண்டு மட்டுமே செக்கச்செவேலென்று எரிந்தது. மேட்டில் எப்படி இருக்குமோ. இன்றைக்குப் புருஷனும் பின்னால் வந்தான். அவனுக்கும் பின்னால் தபால்காரரும் இன்னும் சில இளவட்டங்களும், எல்லோருமே மூத்தவளுக்குச் சின்னவர்கள். எல்லோரும் ஒரு முதுகை நம்பி நடந்தார்கள்.

அந்த முதுகு பாதிச் சந்தில் நின்றது.

"அக்கா, கொஞ்சம் நடங்க. வெளிச்சம் போகுது."

மூத்தவள் சுவரில் கையை ஊன்றி மூச்சுவாங்கிக் காட்டினாள். "என்ன அவசரம்? சின்னப் பொண்ணுதானே நீ. வானம் பார்க்க உனக்கு இன்னும் எத்தனையோ வருஷம் கிடக்கு."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இளையவளுக்கு உச்சந்தலை வரை சூடேறியது.

"நான் சின்னப் பொண்ணு இல்ல. உன்னைவிட ரெண்டு வயசு மூப்பு. வழியை விடு."

அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவள் வாயிலிருந்து அக்காவும் வரவில்லை, மரியாதையும் வரவில்லை.

"பொய்" என்றாள் மூத்தவள்.

"உன் கொழுந்தன் பின்னாலதான் நிக்கிறார். கேளு."

எல்லா முகமும் அவன் பக்கம் திரும்பின. அவன் சுவரைப் பார்த்தான், காலைப் பார்த்தான், பெண்டாட்டியை மட்டும் பார்க்கவில்லை. ஊருக்கெல்லாம் விளக்குப் போடுகிறவன் முகம் இருண்டு கிடந்தது. "ஆமா அண்ணி" என்றான். அதைச் சொல்வதற்குள் அவன் பாதியாகிவிட்டான்.

"இருக்கட்டுமே" என்று சீறினாள் மூத்தவள். "உறவுல நான்தானே மூத்தவ!"

"சந்துக்கு உறவு கணக்கில்லைங்க, வயசுதான் கணக்கு" என்றார் தபால்காரர், யாரையும் பார்க்காமல். "விட்டுடுங்க. எங்களுக்கும் நேரமாகுது."

மூத்தவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். இளையவள் அவள் தோளை உரசிக்கொண்டு முன்னே போனாள். உரசாமலும் போயிருக்கலாம். வேண்டுமென்றுதான் உரசினாள்.

எதிரே பாதை காலியாக இருந்தது. விறுவிறுவென்று சில அடி நடந்தாள். இனி நாலு எட்டு வைத்தால் மேடு. சுவர் முடிகிற இடத்தில் வெளிச்சம் கொட்டிக் கிடந்தது. பின்னால் மூத்தவளின் செருப்புச் சத்தம் ஒட்டிக்கொண்டே வந்தது. முழங்கால் வலி எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"சீக்கிரம் நட" என்று முணுமுணுத்தாள் மூத்தவள். குரல் உடைந்திருந்தது. "இந்த வருஷம் நானும் ஒருநாள்கூடப் பார்க்கல."

உண்மைதான். இவளை மறிப்பதற்காக அவளும் தினமும் சந்துக்குள்ளேயேதான் கிடந்திருக்கிறாள். இளையவளுக்கு இப்போதுதான் அது உறைத்தது. உறைத்ததும் மனசு இளகியிருக்க வேண்டும். இளகவில்லை. உள்ளே ஏதோ குளுகுளுவென்று இறங்கியது.

அவள் நின்றாள். குனிந்து செருப்பைக் கழற்றி, இல்லாத கல்லை உதறினாள்.

"ஏய், வானம் போகுது" என்றான் புருஷன் பின்னாலிருந்து, கெஞ்சலாக.

"என்ன அவசரம்?" என்றாள் அவள், மூத்தவளைத் திரும்பிப் பார்த்து. "சின்னப் பொண்ணுதானே நீ."

மற்ற செருப்பையும் கழற்றினாள். வரிசையில் ஒருவரும் முந்தவில்லை, முந்த முடியாது. மேட்டில் செக்கச்செவேலென்று எரிந்த வானம் ஊதாவாகி, சாம்பலாகி, அணைந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. மூத்தவளின் முகத்தில் அந்த வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே போவதைத்தான் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தாள்.