எட்டு வயது பிரவீணன்

"2025 யூன் 15, ஞாயிறு. இன்றைய பிழை: பேஸ்போல் கழகத்துக்கு அனுப்பிய படிவத்தில், முதற்பெயர் கேட்ட கட்டத்தில் கம்சனாவின் பெயருக்குப் பதிலாக அத்தானின் பெயரை எழுதிவிட்டேன். தமிழ்ப் பள்ளிப் பெயர் இடாப்பில் தகப்பன் பெயரை முன்னுக்கு எழுதிப் பழகிய கை. மூன்று தரம் சரிபார்த்தேன். மூன்று தரமும் சரியாகவே பட்டது."

வீடு திரும்பும் ரயிலில் தேனுஜா பேனாவை வைத்தாள். மாலை வகுப்புக்காகத் தொடங்கிய நாட்குறிப்பு அது. எந்த நாளையும் அவள் பிழையிலிருந்துதான் தொடங்குவாள்.

அக்கா தர்மிகாவின் மகள் கம்சனாவுக்கு இன்று எட்டு வயது. ஆட்டத்துக்கு முன் பிறந்தநாள் பிள்ளையின் பெயரை ஒலிபெருக்கியில் சொல்லி, முதல் பந்தை எறிய விடுவார்கள். அதற்காக ஒரு மாதமாகப் பிள்ளை சுருட்டிய காலுறையை எறிந்து பழகியிருந்தாள்.

பிராங்பேர்ட்டுக்கு வெளியே, வயல்களுக்கு நடுவில் மைதானம். பொப்லார் மரங்களின் பஞ்சு, விழ மனமில்லாமல் காற்றில் நின்றது. தூரத்தில் வெள்ளை உடுப்புக்காரர் பந்தை எறிந்து பிடித்தார்கள். பந்து கையுறையில் விழுந்த பிறகுதான் சத்தம் வந்து சேர்ந்தது. விமான நிலையத்தில் அதிகாலை வேலை முடித்து நேரே வந்த அத்தான் பிரவீணன், அக்கா பொரித்துக் கொடுத்துவிட்ட ரோல்ஸில் ஒரு கடி கடித்தபடியே நித்திரையாகிவிட்டார்.

"அப்பா குறட்டை விடுறார், சித்தி. ரீவியில காட்டினா வெட்கம்."

"ரீவியில உன்னைத்தான் காட்டுவினம். பேசாம இரு."

ஒலிபெருக்கி கரகரத்தது. இன்று எட்டு வயதாகும் பிரவீணன் மைதானத்துக்கு வரவும்!

தேனுஜாவுக்குப் படிவம் ஞாபகம் வந்தது. கம்சனா எழும்பவில்லை.

"அது என்ர பேர் இல்லை."

எழும்பியவர் பிரவீணன். பெயர் கேட்டால் எழும்புவது வேலைத்தலப் பழக்கம். கண் பாதி மூடியிருக்க, கடித்த ரோல்ஸோடு படிகளில் இறங்கினார்.

"அத்தான்! நில்லுங்கோ!"

அவர் நிற்கவில்லை. யாரோ வேலிக்கதவைத் திறந்துவிட்டார்கள். பஞ்சு பறக்கும் பச்சையில் அவர் நடந்துபோக, சனம் கைதட்டியது. யாருமே அவசரப்படுத்தாத மனிதரின் நடை. அத்தான் அப்படி நடந்து தேனுஜா ஒருநாளும் கண்டதில்லை. கையில் கொடுத்த பந்தின் சிவப்புத் தையலை அவர் விரலால் தடவிப் பார்த்தார்.

"எறியப் போறார்! சித்தி, என்ர பந்து!" பிள்ளையின் குரல் உடைந்தது.

தேனுஜா அவளை இழுத்துக்கொண்டு ஓடினாள். கதவடியில் நின்றவரிடம், பிழை தன்னுடையது, இவளுக்குத்தான் எட்டு வயது என்று மூச்சிரைக்கச் சொன்னாள். அவர் சிரித்து வழிவிட்டார்.

கம்சனா புல்லைக் கடந்து தகப்பனுக்கு முன்னால் போய் நின்றாள்.

"அப்பா, உங்களுக்கு எட்டு வயசோ?"

பிரவீணன் சுற்றிலும் பார்த்தார். அப்போதுதான் விழித்தார்.

"கூப்பிட்டவை, வந்தனான்," என்று பந்தை நீட்டினார்.

கம்சனா பந்தைப் பார்த்தாள், ரோல்ஸைப் பார்த்தாள். ஒலிவாங்கியோடு வந்தவரிடம் அதை வாங்கி, ஜெர்மனில் உரத்துச் சொன்னாள்: "நான் கம்சனா. இது அப்பா. இன்றைக்கு அவருக்கும் எட்டு வயது."

மைதானம் சிரித்து ஓய்ந்தது. அவள் எறிந்த பந்து இரண்டு தரம் துள்ளி, புல்லில் சாவகாசமாக உருண்டு, பிடிப்பவரின் கையுறைக்குப் போய்ச் சேர்ந்தது. பிறகு அத்தானுக்கும் ஒரு பந்து கொடுத்தார்கள். அது எல்லாத் தலைக்கும் மேலால் போய், வயலுக்குள் விழுந்தது.

சான்றிதழ் ஒன்றுதான். அதில் அச்சிட்டிருந்த பெயர் பிரவீணன். திரும்பும் ரயிலில் கம்சனா அதைப் பிடித்து இழுத்தாள்.

"எனக்கு என்ர பேர் போட்டது வேணும்."

"ஓம், வாங்கித் தாறன். ஆனா இதைத் தர ஏலாது. எனக்கு முந்தி ஆர் இப்பிடி ஒண்டு தந்தது?" என்று அத்தான் அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, மறுபடி கண்ணை மூடினார்.

தேனுஜா பேனாவை எடுத்துக் கடைசி வரிகளை எழுதினாள்.

"நாளை, திங்கள்: வகுப்புக்கு முன் கழகத்துக்கு மின்னஞ்சல். முதற்பெயர் கம்சனா என்று போட்டுப் புதுச் சான்றிதழ் கேட்க வேண்டும். பழையதைத் திருப்பி அனுப்ப முடியாது என்றும் எழுத வேண்டும்."