வேலிப் பங்கு

சண்டைக் காலத்தில் காய்ச்சலுக்குக் கொடுக்கும் கொயினா மாத்திரை அடிவாரத்துக் காரவள்ளி வரைக்கும் வந்தது, மலையேறவில்லை. காய்ச்சல் மட்டும் சுகமாக ஏறி வந்துவிட்டது. மலைமேல் தேவனூர் நாட்டில் அந்த ஐப்பசியில் வீட்டுக்கு ஒருவராவது சுருண்டு கிடந்தார்கள். ஆயம்மாளுக்கு முறைக்காய்ச்சல், ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும். உச்சி சாய்ந்ததும் குளிர் எடுக்கும்.

இன்று முறை நாள். இன்றைக்குத்தான் வேலியையும் அடைத்தாக வேண்டும். நேற்று முள் வெட்டிப் போடவே பொழுது போய்விட்டது.

சரிவு முழுவதும் சாமை கதிர் பிடித்திருந்தது. எல்லார் காட்டையும் சுற்றி ஒரே முள்வேலி, அதில் வீட்டுக்கு ஒரு பங்கு. யார் பங்கில் பன்றி நுழைகிறதோ அவர்கள்தான் ஊருக்குப் பதில் சொல்ல வேண்டும். போன வருடம் மாதம்மாள் பங்கில் நுழைந்தது. ஊர் அவளை ஒரு சொல் சொல்லவில்லை. அறுப்புக்கும் கூப்பிடவில்லை. பங்குனியில் அவள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மலையிறங்கிப் போனாள். அவள் திரும்பிப் பார்க்காமல் போனதுதான் காலையிலிருந்து ஆயம்மாள் கண்ணிலேயே நின்றது. புருஷன் சின்னையன் எழ முடியாமல் குடிசையில் கிடந்தான். அவனைத் திட்டிப் பயனில்லை, ஆனாலும் திட்டிவிட்டுத்தான் வந்தாள்.

ஒரு கட்டு முள்ளை இழுப்பாள், சொருகுவாள், படுத்துக்கொள்வாள். மூச்சு திரும்பியதும் இன்னொரு கட்டு. முழு வேலியையும் நினைத்தால் கை எழவில்லை. கையிலிருக்கும் கட்டை மட்டும் நினைத்தால் எழுந்தது.

மேட்டில் தன் பங்கை முடித்துவிட்ட செங்கோடன் குரல் கொடுத்தார். “ஏங்கண்ணு, நான் வந்து ஒரு கை புடிக்கட்டுமா?”

“வேண்டாமுங்க மாமா. முடிஞ்சிருமுங்க.”

முடியவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்திக்குள் ஊரெல்லாம் தெரிந்துவிடும் என்று அவளுக்குப் பயம்.

உடம்புக்கு முடியாத நாளில் கை லேசான வேலையைத்தான் தேடும். ஓரங்களை முதலில் அடைத்தாள். நடுவில் பன்றித்தடம் போகிற பள்ளத்துக்குப் பெரிய கொம்புகள் வேண்டும். அதைக் கடைசிக்குத் தள்ளிவைத்தாள். ஒருவழியாக அதையும் அடைத்து முடித்தபோது மஞ்சு இறங்கிக் காட்டை மூடிவிட்டது. அப்பாடா என்று சாய்ந்தாள்.

அப்போது உறுமல் கேட்டது. வேலிக்கு வெளியே இல்லை, சாமைக்குள்.

அவள் படுத்துப் படுத்து எழுந்த நேரத்தில் திறந்து கிடந்த தடத்தின் வழியாகப் பன்றி உள்ளே போயிருக்கிறது. இப்போது ஊர்ச் சோற்றோடு அதையும் சேர்த்து வைத்து அவளே பூட்டியிருக்கிறாள். விட்டால் விடிவதற்குள் ஒரு கதிர் மிஞ்சாது. கத்தலாம் என்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சொருகிய கொம்புகளையே ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். கடைசிக் கொம்பு வந்த வேகத்தில் பக்கத்திலேயே விழுந்தாள்.

குட்டிகள் முதலில் ஓடின. பின்னால் தாய்ப்பன்றி வந்தது. தடத்தில் கால் வைத்ததும் நின்று, அவள் பக்கம் மூக்கைத் திருப்பியது.

அசையக் கூடாது. காலையிலிருந்து உடம்பு அவளைக் கெஞ்சியது அது ஒன்றைத்தான். இப்போது அசையாமல் கிடந்தால்தான் உயிர். அந்த நேரம் பார்த்துக் குளிர் எடுத்தது. முழங்கால் உதறத் தொடங்கியது. முந்தானையைக் கடித்தாள். பக்கத்தில் கிடந்த முள்கொம்பை இரண்டு கையாலும் இறுக்கினாள். முள் உள்ளங்கைக்குள் இறங்க இறங்க நடுக்கம் கொஞ்சம் அடங்கியது. பன்றியின் மூச்சு கன்னத்தில் சூடாகப் பட்டது. மாதம்மாளை அப்போது அவள் நினைக்கவில்லை. யாரையுமே நினைக்கவில்லை.

கீழே ஒரு குட்டி கத்தியது. தாய் அந்தப் பக்கம் பாய்ந்து போனது.

“முடிஞ்சுதா கண்ணு?” மஞ்சுக்குள்ளிருந்து செங்கோடன் கேட்டார்.

அடைக்க வேண்டிய தடம் திறந்து கிடந்தது. கையில் ரத்தம். பல் தந்தியடித்தது.

“இல்லீங்க மாமா,” என்றாள். “பன்னி உள்ளாற வந்துட்டுப் போயிருச்சுங்க. எம்பங்குலதான். என்னால முடியலீங்க, வந்து ஒரு கை புடிங்க.”

அவள் முழங்காலில் ஊன்றி எழுந்து ஒரு கொம்பை இழுத்துத் தடத்தின் குறுக்கே போட்டாள். இரண்டாவதைத் தேடிக் கை நீட்டியபோது, அதன் மறுமுனையை யாரோ தூக்கினார்கள்.