நிமிர்த்தி வைத்த தொட்டி

போன மாதம் பெங்களூருக்கு வேலைக்குப் போன பானுப்ரியா, தன்னுடைய இரண்டு மரத்தவளைகளையும் அப்பா மகாராஜனிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள்.

மகாராஜன் முப்பது வருஷம் உப்பளத்தில் மேற்பார்வை பார்த்தவர். அவருக்கு இடம் என்றால் நீளமும் அகலமும்தான். கணுக்காலுக்கு மேல் உயரமான எதையும் அவர் மதித்ததில்லை. மகள் பெங்களூரில் எடுத்திருந்த ஒற்றை அறையையே “தீப்பெட்டி” என்று போனில் தினமும் வைதுகொண்டிருந்தார். அவள் தவளைகளோடு விட்டுப்போன ஒடுக்கமான, உயரமான கண்ணாடிப் பெட்டியையும் பொறுக்க முடியவில்லை. அதை மீன்தொட்டிக் கடையிலேயே தள்ளிவிட்டு, மூன்றடி நீளம், ஓரடி உயரத்தில் விசாலமாக ஒரு தொட்டி வாங்கி வந்தார்.

அங்கே பிடித்தது வினை. தவளைகள் தாவும், மூடியில் முட்டும், விழும். ஐந்து நாளில் பெரியதின் மூக்கு தேய்ந்து சிவந்துவிட்டது. கரப்பானைக் கண்ணெதிரே விட்டாலும் இரண்டும் சீண்டவில்லை. சனிக்கிழமை மகள் வருகிறாள். அதற்குள் தவளை செத்துப்போனால் அவளிடம் எப்படிக் காட்டுவது என்று நினைத்து மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் மூடியைத் திறந்ததும் பெரியது குதித்து ஓடிவிட்டது. கட்டிலடி, பீரோவுக்குப் பின்னால், செருப்புக்குள் என்று தவழ்ந்து தேடினார்.

“என்னங்க, அங்கன பாருங்க. மேல!” என்றாள் மனைவி செண்பகம்.

திரைச்சீலைக் கம்பியில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. டியூப்லைட்டைச் சுற்றிய ஈசல் ஒன்று பக்கத்தில் வந்தது. அடுத்த நொடி ஈசலைக் காணோம்.

“தின்னுட்டு ஏளா! தின்னுட்டு!” என்று கத்தினார்.

“மரத்துல கெடக்குற உசுருக்கு நீங்க உப்பளத்துப் பாத்தியில்லா கட்டி வச்சிருக்கிய!”

மறுநாள் காலையிலேயே தொட்டியை நெட்டுக்குத்தாக நிமிர்த்தினார். திறந்த வாய்க்கு வலைக்கதவு அடித்து, கீழே ஒரு கிண்ணம் தண்ணீரும் உச்சி வரைக்கும் ஒரு பூவரசங்கிளையும் வைத்தார். கம்பியில் இருந்ததையும் பிடித்து உள்ளே விட்டதும், இரண்டும் ஏறிப்போய் உச்சியில் ஒட்டிக்கொண்டன. பொழுது சாய விட்ட கரப்பான்களில் ஒன்றுகூட மிச்சமில்லை. அன்றைக்குத்தான் மகாராஜனும் மறுசோறு வாங்கிச் சாப்பிட்டார்.

சனிக்கிழமை மகளிடம் எதையும் மறைக்கவில்லை. அவள் தவளையின் மூக்கை உற்றுப் பார்த்தாள். “புண்ணு ஆறிரும்பா,” என்றாள். அப்பாடா என்று இருந்தது அவருக்கு.

கிளையின் உச்சியில் இருந்த தவளைகளைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஒன் ரூம் எத்தனாவது மாடி?”

“ஒம்பதாவது.”

“அங்கன நல்லா சாப்பிடுதியா?”

“சாப்பிடுதேன்பா.”

“அப்ப சரி,” என்றார்.