நிறம் மாறிய சைக்கிள்

சலூன்காரருக்கு மனதில் ஒன்றும் முகத்தில் ஒன்றுமாக வைத்துக்கொள்ளத் தெரியாது. அப்படிப்பட்டவர் மனைவியின் பிறந்தநாளுக்கு ரகசியமாகப் பரிசு வாங்கக் கிளம்பியதுதான் வேடிக்கை.

மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. கூட வேலை செய்பவளின் சைக்கிளைக் கடைக்குப் பின்னால் ஓட்டிப் பழகியவள், நாற்பத்தைந்து வயதில் முழங்கால் சிராய்ப்போடு, பள்ளி விட்ட பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். இவளுக்கு ஒரு சைக்கிள் வாங்கித் தந்தே தீருவது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்.

கையில் இருந்தது எட்டாயிரம். ஆன்லைனில் அவர் கண்ணில் பட்ட சிவப்பு சைக்கிள் பத்தாயிரம். அதை வாங்காமல், வாங்கவேண்டிய பட்டியலான கார்ட்டில் மட்டும் போட்டுவிட்டு, உறுமீன் வருமளவும் கொக்கு நிற்பதுபோல விலை இறங்கக் காத்திருந்தார்.

ஒருநாள் ஒரு வக்கீலின் கழுத்தில் கத்தி இருக்கும்போதே, "இறங்கிடுச்சு!" என்று கத்தினார்.

வக்கீல் அசையாமல் கேட்டார். "என்ன இறங்குச்சு? கத்தியா?"

"விலைங்க! ஒன்பதாயிரம்!"

"முதல்ல கத்திய எடுங்க. அப்புறம் சந்தோஷப்படலாம்."

அடுத்த நாற்காலிக்காரருக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தவன் அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி. "வாங்கிடுங்க மச்சான். மீதி ஆயிரத்த நான் போடுறேன்."

"உன் அக்காவுக்கு நான் குடுக்கிற பரிசுல உனக்கென்ன பங்கு மாப்ள? இன்னும் இறங்கும் பாரு."

இறங்கவில்லை, மறுநாள் ஏறிவிட்டது. அன்று அவரிடம் தலையைக் கொடுத்தவர்களுக்கெல்லாம் முடி கொஞ்சம் கூடுதலாகவே போனது.

இதற்கிடையில் ஒரு விநோதம். ஒரு காலையில் பார்த்தால் கார்ட்டில் இருந்த சிவப்பு சைக்கிள் நீலமாகியிருந்தது. தெரியாமல் கை பட்டிருக்கும் என்று சிவப்புக்கே மாற்றினார். மறுநாள் மறுபடி நீலம், கூடவே ஒரு சைக்கிள் மணி. மறுபடி சிவப்பாக்கி, மணியையும் தூக்கினார். மாலையில் அது முன்பக்கக் கூடையையும் துணைக்கு அழைத்துக்கொண்டு திரும்பி வந்திருந்தது.

"கேக்காததையெல்லாம் தலையில கட்டுறானுங்களே!" என்று கொதித்துப்போய் அந்த நிறுவனத்துக்குப் போன் போட்டார்.

அந்தப் பக்கம் பேசிய பெண் பொறுமைசாலி. "சார், உங்க கணக்கு ரெண்டு போன்ல ஓடுது. இன்னொரு போன்ல இருந்துதான் மாத்துறாங்க."

முடி வெட்டும் மெஷின் வாங்குவதற்காக அந்தக் கணக்கைத் தொடங்கிக் கொடுத்ததே மனைவிதான் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. திரும்பிப் பார்த்தார். மச்சினன் துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தான்.

"உனக்கும் தெரியுமாடா?"

"அக்கா சத்தியம் வாங்கிட்டா மச்சான்."

வீட்டுக்குப் போனபோது மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நீலம் யாரு கேட்டா?" என்றார் வாசலிலேயே.

"சிவப்பு யாரு கேட்டா? தீயணைப்பு வண்டி மாதிரி."

"தெரிஞ்சிருந்தா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"போனை முதுகுக்குப் பின்னாடி ஒளிச்சுகிட்டு திருதிருன்னு முழிச்சீங்களே, அந்த அழகைக் கெடுக்க மனசு வரலைங்க."

கோபம் வரும் என்று அவரே எதிர்பார்த்தார். வந்தது சிரிப்பு.

இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போனில் விலையைப் பார்த்தார்கள். எல்லோரும் சிவப்பைக் கேட்பதால் அதற்குத்தான் அந்த விலை. நீலம் எட்டாயிரத்துக்கும் குறைவு. நீலத்தைக் கண்டதும் ஆத்திரத்தோடு மாற்றியவர், அதன் விலையை ஒருமுறைகூடப் பார்த்திருக்கவில்லை.

"மணியோட சேத்தாலும் உங்க பணத்துக்குள்ள அடங்குது. கூடை அடுத்த பிறந்தநாளுக்கு இருக்கட்டும்," என்றாள்.

"சரி, அழுத்து."

"பரிசு குடுக்கிறது நீங்க. நீங்கதான் அழுத்தணும்."

அழுத்தினார்.

பிறந்தநாள் காலையில் அவள் நீல சைக்கிளில் சலூன் வாசலைக் கடந்தாள். இரண்டு கைகளும் ஹாண்டில்பாரை இறுகப் பிடித்திருந்தன. பார்வை நேர் எதிரே. சலூன்காரர் வெளியே வந்து கையாட்டினார். அவள் திரும்பவே இல்லை.

"என்ன மச்சான், அக்கா உங்களக் கண்டுக்கவே இல்ல?"

"திரும்பினா விழுந்துடுவா மாப்ள," என்று சொல்லிவிட்டு, அவள் தெருமுனையில் வளைந்து மறையும்வரை ஆட்டிய கையை இறக்காமல் நின்றார். உள்ளே பாதி மழித்த முகத்தோடு ஒருவர் அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.