பிஸ்கட் டின்னில் கலந்த மாத்திரை

முகம்மது கனிக்கு வாய் மட்டும்தான் பழையபடி ஓடியது. வலது கை வாதத்தில் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ரத்தக்கட்டியைக் கரைக்க ஊசி போட்டு உயிரை மீட்டார்கள், உண்மைதான். ஆனால் சூலியா தெருவில் நாசி கண்டார் என்னும் கறிச்சோற்றுக் கடை வைத்திருப்பவருக்குக் கறி அள்ளும் கை வேண்டாமா?

அது தொண்ணூற்றேழாம் வருஷம். ஊசிக்குப் பிறகு மூளையில் தங்கும் அழற்சியைக் குறைத்தால் கைகால் சீக்கிரம் தேறுமா என்று டாக்டர்கள் ஒரு மாத்திரையைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். சிலர் புட்டியில் மருந்து, சிலர் புட்டியில் வெறும் மாவு. எது யாருக்கென்று மாத்திரை கொடுக்கும் நர்ஸ், மிஸ்ஸி குணவதிக்கே தெரியாது. கனியும், பக்கத்துக் கட்டிலில் கிடந்த ஆபீஸில் கணக்கெழுதி ஓய்ந்து பென்ஷன் வாங்கும் கிராணி பரமநாதனும் அதில் சேர்ந்தார்கள்.

வீடு திரும்பிய மூன்றாம் வாரம் பரமநாதன் கைத்தடி இல்லாமல் கடைக்கே நடந்து வந்தார். கனியின் விரலோ அசையவில்லை. தனக்கு மாவுதான் வாய்த்தது என்று முடிவு கட்டிவிட்டார். வயிறெரிந்தது, மறைப்பானேன்? பரமநாதனுக்கு மனசு கேட்கவில்லை. இரண்டு புட்டியையும் பிஸ்கட் டின்னில் கொட்டிக் குலுக்கி, ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார். யாருக்கும் வஞ்சகமில்லையாம். படித்த மனுஷன் செய்கிற காரியமா இது!

அடுத்த மாதம் குணவதி மிச்ச மாத்திரைகளை எண்ணிப் பார்த்து, இருவரும் ஒழுங்காகச் சாப்பிடுவதாக மெச்சினாள். அந்த மெச்சல் கனிக்குப் பொய்க்கணக்காகப் பட்டது. இப்போதுதான் விரல் நுனியில் லேசாக உயிர் வந்திருந்தது. உண்மையைச் சொன்னால் மாத்திரை நின்றுவிடும், அப்புறம் கை என்னாவது? இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார், முடியவில்லை. பரமநாதனை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போய் மிஸ்ஸியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"நேத்து கறிய இன்னிக்கிக் கறின்னு நான் வித்ததில்ல மிஸ்ஸி. நாளைக்கு எவனோ ஒருத்தன் உங்க கணக்க நம்பித்தானே இந்த மருந்தச் சாப்பிடுவான்."

குணவதி தலையில் கைவைத்துக்கொண்டாள். டாக்டர் முறைத்தார், பிறகு சிரித்துவிட்டார். இரண்டு பேருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்து, புட்டிகளை வாங்கி வைத்துக்கொண்டார். விரல் பயிற்சியை மட்டும் விடாதீர்கள் என்றார். சோதனையிலிருந்து விலகும் தாளில் பரமநாதன் கையெழுத்துப் போட்டார். கனி பெருவிரல் ரேகை வைப்பதற்காகக் குணவதி மைப்பெட்டியைத் திறந்தாள்.

கனி அதை ஒதுக்கிவிட்டுப் பேனாவை வலது கையில் வைத்தார். இடது கையால் விரல்களை மடக்கிவிட்டார். பிறகு இடது கையை எடுத்தார். பேனா விழவில்லை. நண்டு ஊர்ந்த மாதிரி அவர் பெயர் கோட்டைத் தாண்டி இறங்கியது. குணவதிக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்படியானால் இந்தக் கை தேறியது மருந்தாலா, மாவாலா என்று பரமநாதன் ஆரம்பித்தார்.

"அத டாக்டருங்க பாத்துக்கட்டும்லா, கிராணியாரே. நாளைக்குக் கடைக்கு வாங்க, என் கையால கறி ஊத்துறேன். சட்டையில கொட்டுனா கோவிக்கக்கூடாது."